முறக்காதிக்கு ஒரு தொப்பி

அவளுக்கு முதலில் காதுதான் பிறந்தது, மற்றதெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தது என்று அவளுடைய அப்பா சொல்வார். சொல்லிவிட்டுத் தன் காதையும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வார். சரக்கு அங்கிருந்து வந்ததுதானே. முறம் மாதிரி இரண்டு பக்கமும் விரிந்து நிற்கிற காது. பின்னாலிருந்து வெயில் அடித்தால் சிவப்பாக ஒளி வேறு விடும். பள்ளிக்கூடத்தில் முறக்காதி என்று பெயர் வைத்தார்கள். கரும்பலகையை மறைக்கிறது என்று பின்னால் இருந்தவர்கள் போய்ப் புகார் சொல்ல, ஆசிரியை அவளைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினார். அங்கே உட்கார்ந்தும் அவளுக்கு எல்லாம் கேட்டது. முதல் வரிசையில் இரண்டு பேர் குசுகுசுத்தால்கூடக் கேட்டது. அதில் பாதி அவளைப் பற்றியே இருந்ததுதான் சங்கடம்.

இப்போது அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர் முகத்துக்குப் பொருத்தமான பிரேமை எடுத்துக் கொடுப்பது, கால் தளர்ந்தால் முடுக்கிக் கொடுப்பது, மூக்கில் பதிந்தால் வளைத்துக் கொடுப்பது. அந்த வேலையில் அவளை அடிக்க ஆள் இல்லை. அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. பிரேமை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் விறைப்பாக நின்று அழகு பார்க்கிறவர்களை அவள் விடமாட்டாள்.

"சிலை மாதிரி நிக்காதீங்க. இதைப் போட்டுக்கிட்டு உங்க வேலையைச் செஞ்சு காட்டுங்க" என்பாள்.

தையல்காரர் குனிந்து இல்லாத ஊசியில் இல்லாத நூலைக் கோர்த்துக் காட்டுவார். லாரி ஓட்டுகிறவர் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டியரிங் திருப்புவார். ஒரு பள்ளி ஆசிரியரை, யாரையாவது திட்டிக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, அவர் கல்லாவில் இருந்த முதலாளியை வீட்டுப்பாடம் எழுதாததற்காக வறுத்தெடுத்துவிட்டார். முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். கண்ணாடி ஆசிரியரின் மூக்கை விட்டு அசையவில்லை. அந்தப் பிரேமையே வாங்கிக்கொண்டு போனார்.

அவள் கிரிக்கெட் அம்பயர் ஆனது வேறு கதை. அவளுடைய கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் டிப்போ அணிக்கு ஆடுவார். மட்டையைப் பிடிக்கிற அழகைப் பார்த்தால் நூறு ஓட்டம் எடுப்பார் போலிருக்கும். பந்து வந்தபின் அந்த அழகு எங்கே போகும் என்று தெரியாது. அவளும் கூடப் போய் மர நிழலில் உட்கார்ந்து பார்ப்பாள். பார்த்துப் பார்த்தே விதியெல்லாம் அத்துப்படி. ஒரு ஞாயிறு அம்பயர் வரவில்லை. யாராவது நில்லுங்கப்பா என்றார்கள். இவள் போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் பந்து கணவரின் காலில் போய் நின்றது, பந்து வீசினவன் கத்தினான், இவள் விரலைத் தூக்கினாள். கணவர் ஸ்டம்பைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், கட்டிய மனைவியைப் பார்த்தார், நடையைக் கட்டினார்.

சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தார். "கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்ல?"

"யோசிச்சேங்க. யோசிக்காம இருந்தா அதுக்கு முந்துன பந்துலயே குடுத்திருப்பேன்."

மறுநாள் டிப்போ முழுக்க அவரே அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். என் பொண்டாட்டி என்னையே அவுட் கொடுத்தவள், உங்களையெல்லாம் விடுவாளா என்று அவருக்கு அதில் ஒரே பெருமை. அப்புறம் அவள் பரீட்சை எழுதி, பாஸ் செய்து, வட்டார லீகில் அம்பயராகச் சேர்ந்தாள்.

தீர்ப்பில் யாரும் குறை சொல்லவில்லை. தொல்லையெல்லாம் தலையில்தான் இருந்தது. வெயிலுக்கு அவள் கணவரின் பழைய டிப்போ தொப்பியைப் போட்டுக்கொள்வாள். அது இறுக்கமான தொப்பி. போட்டால் காதை இரண்டு பக்கமும் நெம்பித் தள்ளும். பானைக்கு இரண்டு கைப்பிடி வைத்த கணக்கு. இது போதாதென்று அந்த லீகில் ஒரு வழக்கம் இருந்தது. பந்து வீசப் போகிறவன் தன் தொப்பியை அம்பயரிடம் கொடுத்துவிட்டுப் போவான். அம்பயர் அதைத் தன் தொப்பியின் மேலேயே மாட்டிக்கொள்வார். ஒருவன் மாற்றி ஒருவன் கொடுக்கக் கொடுக்க, மதியத்துக்குள் அவள் தலையில் தொப்பிகள் அடுக்கடுக்காக ஏறியிருக்கும். கீழே இரண்டு காது. தொப்பிக் கடை நடந்து வருகிறது என்பார்கள். காதில் விழாது என்று நினைத்துச் சொல்வார்கள். அவளுக்கா விழாது?

அரையிறுதி ஆட்டத்தில்தான் விஷயம் எல்லை மீறியது. மைனர் என்று ஒருவன் இருந்தான். மரச்சாமான் கடை முதலாளியின் மகன். லீகிலேயே நல்ல ஆட்டக்காரன், அது அவனுக்கும் தெரியும். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மைதானத்தை விலைக்கு வாங்க வந்தவன் மாதிரி நடந்து வருவான். மைனர் என்று ஊர் கேலியாக வைத்த பெயரை அவன் பட்டமாகவே எடுத்துக்கொண்டான். அன்றைக்கு மட்டையோடு வந்து நின்றவன், பந்து வீச ஓடி வந்தவனைக் கையைக் காட்டி நிறுத்தினான். அவளுக்குப் பின்னால் எல்லைக்கோட்டில், பந்து தெளிவாகத் தெரிவதற்காக வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள்.

"அக்கா, காதைக் கொஞ்சம் மடக்கி வைங்க. திரையை மறைக்குது" என்றான்.

மைதானமே சிரித்தது. பந்து பொறுக்கிப் போட நின்றவர்கள் சிரித்தார்கள், அவனுடைய எதிரணி சிரித்தது, தண்ணீர் கொண்டு வந்தவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அடுத்த ஓவரில் அவள் வேறொருவனுக்கு அவுட் கொடுத்தாள். விரல் மேலே நிற்கிறது, அவன் போகவில்லை, சிரித்துக்கொண்டே நிற்கிறான். விளையாட்டுக்குக் கொடுக்கிறாள் என்று நினைத்துவிட்டானாம். இரண்டாம் தரம் தூக்க வேண்டி வந்தது. ஒரு அம்பயருக்கு அதைவிடக் கேவலம் கிடையாது.

இரண்டு நாள் கழித்து லீக் செயலாளர் கண்ணாடிக் கடைக்கு வந்தார். கண்ணாடியின் காலைச் சரி செய்ய வந்ததாகச் சொன்னார். கால் நன்றாகத்தான் இருந்தது. எதையும் இரண்டு தடவை சொல்கிற மனிதர் அவர். பைனலுக்கு நீங்கதான், நீங்கதான் என்றார். ஆனால் கமிட்டியில் பாதிப் பேருக்கு இஷ்டமில்லை, இஷ்டமே இல்லை என்றார். இந்த ஆட்டமும் சிரிப்பாய்ச் சிரித்தால் அடுத்த வருஷத்துக்கு வெளியூரிலிருந்து ஆள் கொண்டு வந்துவிடுவார்கள், அப்புறம் உங்களைக் கூப்பிடவே மாட்டார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் தளராத திருகாணியை ஒருமுறை தளர்த்தி, மறுபடி முடுக்கி, துடைத்துக் கொடுத்தாள். சரிங்க என்றாள்.

அவளுக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை. விரலைத் தூக்கினால், அவுட் ஆனவன் முகத்தைப் பார்க்க வேண்டும், சிரிக்காமல் போக வேண்டும். அதற்குத் தலைக்கு ஒரு நல்ல தொப்பி வேண்டும். அவளுக்கென்று பார்த்து, அவளே எடுத்த தொப்பி.

துணைக்கு நாத்தனார் வந்தாள். கணவரின் தங்கை, மாடி வீட்டில் இருக்கிறவள். பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்கிற வேலை. பஸ் நிலையக் குரல் போக அவளிடம் இன்னும் நூறு குரல் இருந்தன. யார் குரலையும் அச்சாகப் பிடிப்பாள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாயாடி.

தொப்பிக் கடை நீளமான, ஒடுங்கின கடை. கூரை வரை தட்டுகள். உச்சியில் இருப்பதைக் கொக்கிக் கம்பு வைத்து எடுப்பார்கள். கடைக்காரருக்கு வழுக்கை, பளபளவென்று. கடையில் தொப்பி இல்லாத தலை அவருடையது ஒன்றுதான். எந்தத் தொப்பியை எடுத்தாலும், அது தலைக்கு வருவதற்கு முன்னாலேயே, "உங்களுக்குன்னே செஞ்சதும்மா" என்பார். வாயாடி வாசலிலேயே அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் ஒரு கறுப்புக் கம்பளித் தொப்பி. வாயாடி எட்டி நின்று பார்த்தாள். "அண்ணி, இந்தத் தொப்பி பேசுனா எப்படிப் பேசும் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, அடித்தொண்டையில், "எவன்டா என் வீட்டுச் சுவத்துல பந்தடிச்சது" என்றாள். அதைக் கழற்றி வைத்தார்கள். அடுத்தது பூ வைத்த அகலத் தொப்பி. மூக்கால் ஒரு குரல் வந்தது, ரொம்ப வெயிலா இருக்கே, யாராச்சும் வந்து விசிறக் கூடாதா என்று. பின்னல் தொப்பி ஒன்று சளி பிடித்த குரலில் வெந்நீர் கேட்டது. விளிம்பு மடிந்த பச்சைத் தொப்பி, வாடகை தராத குடித்தனக்காரர் போல நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க என்றது. கடைக்காரர் ஒவ்வொன்றும் உங்களுக்குன்னே செஞ்சது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நடுவில் ஒருமுறை வாயாடி அவர் குரலிலேயே அதைச் சொல்ல, தானே சொன்னதாக நினைத்து ஆமாம் என்று தலையாட்டினார்.

கடைசியில் ஒரு வெள்ளைத் துணித் தொப்பி வந்தது. மெத்தென்று, அகலமாக, விளிம்பு கன்னம் வரை இறங்குகிற தொப்பி. போட்டாள். காதைக் காணோம்.

நிலைக்கண்ணாடியில் அவள் இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள், வலது பக்கம் திரும்பிப் பார்த்தாள். காதே இல்லை. முகம் மட்டும் இருந்தது. இத்தனை வருஷமாக எங்கே இருந்தாய் என்று அதைக் கேட்க வேண்டும் போல இருந்தது அவளுக்கு. மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது. தாடைகூட. அவள் அசையாமல் நின்று, நின்று, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது என்ன பேசுது?" என்று கேட்டாள்.

வாயாடி கொஞ்சம் தயங்கினாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னவோ முணுமுணுத்தாள். "என்னமோ பேசுது அண்ணி. போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி, ஒண்ணும் புரியல. ஆனா அழகா இருக்கீங்க."

அழகாக இருக்கிறீர்கள் என்ற பிறகு மற்றது யார் காதில் விழும்? தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். கணவர் கதவைத் திறந்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டார். அவள் முறைத்ததும், அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே யார் என்று தெரியவில்லை, எதற்கும் பழைய காதைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

பைனலுக்கு முன்னால் வார நடுவில் இரண்டு அலுவலக அணிகளுக்கு ஓர் ஆட்டம் இருந்தது. அதற்கு அந்தத் தொப்பியோடு போனாள். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் புது அம்பயரா என்றுகூடக் கேட்டார். அவளுக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் பந்து வீசுகிறவன் கால் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்கக் குனிந்தால் விளிம்பு சரிந்து கண்ணை மூடியது. தூக்கிவிட்டு நிமிர்வதற்குள் பந்து போய்விட்டிருக்கும். சரி, பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் அந்தப் பந்து வந்தது. மட்டையைத் தாண்டி விக்கெட் கீப்பர் கையில் போய் உட்கார்ந்தது. பந்து வீசினவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு திரும்பினான், கீப்பர் குதித்தான். பந்து மட்டையில் உரசியிருந்தால் அவுட். அவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. இல்லை என்று தலையாட்டினாள்.

மட்டை பிடித்தவர் ஒரு குமாஸ்தா, சாது. கையுறையைக் கழற்றினார். "பட்டுச்சுக்கா. நல்லாவே பட்டுச்சு. நான் போறேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மைனர் செய்த கேலிகூட அவளுக்கு இவ்வளவு வலிக்கவில்லை. யாரும் கேலி செய்யவில்லை, யாரும் சண்டைக்கு வரவில்லை. அந்த மனிதர் அவளுக்காகப் பரிதாபப்பட்டு வெளியே போனார். அவள் பின்னால் விசாரித்தபோது எல்லாரும் அதையேதான் சொன்னார்கள், எல்லைக்கோடு வரை கேட்டதே என்று. கண்ணாடிக் கடைக்காரிக்குக் காதுக்கும் ஒரு கண்ணாடி வேண்டும் போல என்று யாரோ சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. தொப்பி தலையில் இருந்தது. நாத்தனார் வந்து சொல்லித்தான் தெரிந்தது.

பைனலுக்கு முந்தின நாள் கடையில் வேலை ஓடவில்லை. ரொட்டிக் கடையில் அடுப்பு பார்க்கிற ஒருவர் வந்து பிரேம் போட்டுக்கொண்டு, தாடையைத் தூக்கி, நிலைக்கண்ணாடி முன் அழகு பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எங்கேயோ பார்த்தபடி, வாய்ப்பழக்கத்தில் ஆரம்பித்தாள். "சிலை மாதிரி நிக்காதீங்க. இதைப் போட்டுக்கிட்டு உங்க வேலையை..."

அதோடு நின்றுவிட்டாள். ரொட்டிக்காரர் குனிந்து அடுப்பைத் திறந்து காட்டி, ரொட்டியை வெளியே இழுத்துக் காட்டி, அடுத்து என்ன என்று காத்துக்கொண்டு நின்றார். அவள் வாயில் கை வைத்தபடி நின்றிருந்தாள். ஊருக்கெல்லாம் சொல்கிறவள், தன் தலைக்கென்று வந்தபோது சிலை மாதிரிதான் நின்றிருக்கிறாள். காது மறைந்ததா என்று மட்டும் பார்த்திருக்கிறாள். அம்பயருக்கு வேலையே காதில்தானே.

சாயங்காலம் தொப்பிக் கடையை மூடுவதற்குள் அங்கே போய் நின்றாள், பின்னாலேயே வாயாடி.

இந்தத் தடவை நிலைக்கண்ணாடி பக்கமே அவள் போகவில்லை. இரண்டு பக்கத் தட்டுகளுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். கடைக்காரரைக் காகிதப் பந்து ஒன்று சுருட்டச் சொன்னாள். அவர் எதற்கு என்று கேட்டார். ஓடி வந்து போடுங்கள் என்றாள். வழுக்கைத் தலையோடு அவர் கல்லாவிலிருந்து ஓடி வந்தார், வாயாடி கொக்கிக் கம்பை மட்டையாகப் பிடித்தாள். ஒவ்வொரு தொப்பிக்கும் ஒரு பந்து. இவள் குனிந்து அவர் காலைப் பார்த்தாள், நிமிர்ந்து பந்தைப் பார்த்தாள், விரலைத் தூக்கினாள். வைடு பந்துக்குக் கை இரண்டையும் விரித்தபோது ஒரு தட்டு முழுக்கத் தொப்பிகள் சரிந்து கடைக்காரர் மேல் விழுந்தன. வேறு ஏதோ வாங்க வந்தவர்கள் அதை மறந்து, சுவரோரமாக நின்று ஆட்டம் பார்த்தார்கள். ஒருவர் நோ-பால் என்றுகூடச் சொன்னார். கடைக்காரருக்கு மூச்சு வாங்கினாலும் முகத்தில் ஒரு களை வந்துவிட்டது. கால் கோட்டுக்குள்ளதான் இருந்துச்சு என்று அவர் சண்டை பிடித்தார்.

அடுத்தது காது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நிற்க, வாயாடி வாசலுக்குப் போய் ஓர் அட்டைப் பெட்டியை நகத்தால் சுண்டுவாள். கேட்டால் இவள் விரலைத் தூக்க வேண்டும். கம்பளித் தொப்பியில் கேட்கவில்லை. வெள்ளைத் துணித் தொப்பியில் வாயாடி பெட்டியைக் குத்தியே பார்த்தாள், இவள் புன்னகையோடு நின்றுகொண்டிருந்தாள்.

தட்டுகளெல்லாம் காலியாகிவிட்டன. அப்போதுதான் ஜன்னலில், சுண்ணாம்புப் பொம்மைத் தலையில் இருந்ததை அவள் பார்த்தாள். வெளிர் மஞ்சள் நிறத்தில் வைக்கோல் தொப்பி. உயரமான உச்சி, கருநீலப் பட்டை, விறைப்பான விளிம்பு, கொஞ்சமும் தொங்காது. அதைக் கேட்டதும் கடைக்காரர் முதல் தடவையாக அவர் பாட்டைப் பாடவில்லை. "அது ஆம்பளைங்க போடுறதும்மா" என்றார்.

"அது தொப்பிக்குத் தெரியுமா?" என்றாள் அவள்.

எடுத்துக் கொடுத்தார். தலையில் வைத்தாள். காதுக்கு மேலே, காதைத் தொடாமல், சமமாக உட்கார்ந்தது. விளிம்பு இரண்டு பக்கமும் காதைத் தாண்டி ஒரு விரல் நீண்டது. குனிந்தாள், விளிம்பு குனியவில்லை. நிமிர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு விரலைத் தூக்கினாள், மறுபடி தூக்கினாள்.

"ரெண்டு தடவை தட்டுனே. முதல்ல நகம். ரெண்டாவது மோதிரம்."

வாயாடி கையிலிருந்த மோதிரத்தைப் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள்.

"என்னடி, இது என்ன பேசுது?"

"இது ஒண்ணும் பேசல அண்ணி. நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு பாத்துக்கிட்டு இருக்கு."

அப்புறம்தான் அவள் நிலைக்கண்ணாடிக்குப் போனாள். அகலமான முகத்துக்குச் சின்ன பிரேம் போடாதீர்கள், முகத்தைவிட ஒரு நூல் பெரிதாகப் போடுங்கள் என்று தினமும் எத்தனை பேருக்குச் சொல்கிறாள். அதேதான். காது மறையவில்லை. இரண்டும் விளிம்பின் நிழலில், தொப்பியைத் தாங்குகிற மாதிரி நின்றன. காதை மறைத்தபோது தெரிந்த அந்த அழகான முகம் யாருடையதோ. இது அவளுடையது. இது இன்னும் நன்றாக இருந்தது. சிரித்தாள். தொப்பி அசையவில்லை.

வெள்ளைத் தொப்பி வாயாடிக்குப் போனது. அதைப் போட்டுக்கொண்டால் பஸ்ஸில் நன்றாகத் தூக்கம் வருகிறதாம்.

பைனல் அன்றைக்கு ஆலைக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் கூட்டம் நெரிந்தது. ஒரு பக்கம் தகர டப்பாத் தட்டுகிற கும்பல். கணவர் டிப்போ ஆட்களோடு வந்து, முன்னால் உட்கார்ந்து, பின்னால் இருந்தவர்களிடம் அதோ நிற்கிறாளே என்று ஆரம்பித்தார். அவள் வெள்ளைக் கோட்டும் புதுத் தொப்பியுமாக நடந்து வந்தாள். கூட்டத்தில் ஓர் ஓரத்தில் சிரிப்பு கிளம்பியது. அவள் நடையில் வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பாதி தூரம் வருவதற்குள் சிரிப்பு தானாகத் தேய்ந்தது. சிரிக்க அங்கே ஒன்றும் இல்லை. முதல் பந்து வீச வந்தவன் வழக்கம்போலத் தன் தொப்பியை அவள் தலைமேல் வைக்கக் கையை நீட்டினான். அவள் அதை வாங்கிக் கோட்டின் இடுப்புப் பட்டையில் செருகிக்கொண்டாள். அன்றைக்கு வந்த தொப்பியெல்லாம் பட்டைக்குத்தான் போயிற்று.

மைனரின் அணி இரண்டாவதாக ஆடியது. அவன் வந்து நின்றான். நிற்கிற இடத்தில் மட்டையால் கோடு போட்டுக்கொண்டான், காலரைச் சரி செய்தான், இவளைப் பார்த்தான். புதுத் தொப்பியாக்கா என்றான். ஆமாம், ஆடுங்கள் என்றாள். அடுத்த வரி அவனிடம் தயாராக இருந்தது, ஆனால் பந்து வீசுகிறவன் ஓட ஆரம்பித்துவிட்டான்.

நன்றாக ஆடினான். அதை மறைக்க முடியாது. அடித்த பந்தெல்லாம் ஆலைச் சுவரில் போய் மோதிக்கொண்டிருந்தது. ஜெயிக்க இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. தகர டப்பா காதைப் பிளந்தது. வேகப்பந்து வீசுகிறவன் கடைசி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். இவள் குனிந்தாள், கால் கோட்டுக்குள் விழுந்தது, நிமிர்ந்தாள். பந்து கொஞ்சம் வெளியே போனது, மைனர் மட்டையை நீட்டினான், பந்து கீப்பர் கைக்குப் போயிற்று. தப்பிவிட்டான் என்று நினைத்துப் பந்து வீசினவன் தலையில் கை வைத்துக்கொண்டு திரும்பி நடக்க ஆரம்பித்தான். தகர டப்பா ஒரு கணமும் நிற்கவில்லை. கீப்பருக்கு மட்டும் ஒரு சந்தேகம், யாராவது கேட்டால்தானே அம்பயர் அவுட் கொடுக்க முடியும். மணி என்ன என்று கேட்கிற மாதிரிக் கேட்டான், "எப்படிக்கா?"

தகரச் சத்தத்துக்கு அடியில், நகத்தால் அட்டையைச் சுண்டின மாதிரி, ஒரு சின்ன 'டிக்'. அவளுக்கு அது கேட்டிருந்தது.

விரலைத் தூக்கினாள்.

தகர டப்பா நின்றது. பந்து வீசினவன் பாதி வழியில் திரும்பிப் பார்த்து, நம்பாமல், மறுபடி பார்த்தான். மைனர் அசையவில்லை. அவன் வாயில் வசனம் வந்து நிற்பது எல்லாருக்கும் தெரிந்தது. சிரிக்கத் தயாராகச் சிலர் முன்னால் நகர்ந்தும் உட்கார்ந்தார்கள். அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். விறைப்பான விளிம்பு, அதன் கீழே நேராக அவனையே பார்க்கிற இரண்டு கண், இரண்டு பக்கமும் விரிந்து நிற்கிற இரண்டு காது. விரல் நின்ற இடத்திலேயே நின்றது.

"கேட்டுச்சா?" என்றான், கிட்ட இருந்தவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"கேட்டுச்சு."

மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லைக்கோட்டில் அவன் ஆட்கள் சூழ்ந்துகொண்டு, அநியாயம், போய்க் கேட்கலாம் வா என்று இழுத்தார்கள். அவன் கையை உதறினான். பட்டது எனக்குத்தான் தெரியும், அந்த அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது, நீங்கள் பேசாமல் உட்காருங்கள் என்றான். அதற்குள் முன்வரிசையிலிருந்து மெக்கானிக்கின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. என்னையே அவுட் கொடுத்தவளப்பா அவள் என்று.

மைனரின் அணி தோற்றது. செயலாளர் வேட்டைக்குப் போய் வந்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். அடுத்த வருஷமும் நீங்கதான், நீங்கதான் என்றார். பிறகு நீங்கதான் என்று மூன்றாம் தரமும் சொன்னார். அது அவர் வழக்கத்திலேயே இல்லாதது. பக்கத்தில் நின்ற வாயாடிக்கே அந்தக் குரலைப் போட்டுக் காட்டத் தோன்றவில்லை. அண்ணியின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள், அவ்வளவுதான்.

இடுப்பில் செருகியிருந்த தொப்பிகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்து உரியவர்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது மைனர் வந்தான். காலர் இறங்கியிருந்தது. என்னவோ கேட்க வந்தவன், மைதானத்தைப் பார்த்தான், ஆலைச் சுவரைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"அந்தத் தொப்பி எங்கக்கா வாங்குனீங்க? எனக்கும் ஒண்ணு வேணும்."

அவள் ஒரு அடி பின்னால் போய் நின்று, கடையில் பிரேம் எடுக்க வருகிறவர்களைப் பார்க்கிற மாதிரி அவனை அளந்தாள். நெற்றியைப் பார்த்தாள், தாடையைப் பார்த்தாள், இந்தப் பக்கம் திரும்பச் சொன்னாள், அந்தப் பக்கம் திரும்பச் சொன்னாள். அவனும் திரும்பினான்.

"உங்களுக்கு சரிப்படாது தம்பி" என்றாள். "இந்தத் தொப்பி நிக்கணும்னா காது வேணும். உங்களுக்கு இருக்குறது பத்தாது."

கடைசித் தொப்பி அவனுடையதுதான். அதை அவன் கையில் கொடுத்துவிட்டு, கணவர் நின்ற பக்கம் நடந்தாள். பின்னால் மைதானம் சிரிக்கிற சத்தம் கேட்டது. மைனரும் சேர்ந்து சிரிப்பது தனியாகக் கேட்டது.